கூரத்து நாய்

முசரவாக்கம்
20.11.2025

அன்பு மகள் சுகாசினிக்கு அப்பா முனுசாமி எழுதுவது. நீயும் மாப்பிள்ளை கமலும் பேத்தி அபியும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு ஏற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறாள், மழை நன்றாகப் பிடித்து ஏரி நிரம்பிக் கிடக்கிறது. வாரத்துக்கு மூன்று தடவை போனில் முகம் பார்த்துப் பேசுகிற அப்பா எதற்காக அயர்லாந்துக்குக் காகிதத்தில் எழுதி அனுப்புகிறார் என்று நீ நினைப்பாய். போனில் பேசும்போது அம்மா என் தோளை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிச் சொல்வது. தள்ளிப்போய்ப் பேசலாம் என்றால் அந்த ஐந்து நிமிஷம் அவளைத் தனியாக விட எனக்குத் தைரியம் இல்லை. இப்போதும் எதிரில்தான் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். "இன்னா எழுதிக்கினு இருக்கீங்க" என்று கேட்டாள். பாப்பாவுக்கு லெட்டர் என்றேன். "பாப்பா ஸ்கூலுக்குப் போயிருக்குது, சாயந்தரம் வந்துடும், அதுக்கு எதுக்கு லெட்டரு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பூண்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். உனக்கு முப்பத்து நான்கு வயது நடக்கிறது.

மறதி கொஞ்சம் கூடியிருக்கிறது, டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார் என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லி வந்தேன். நீ நர்ஸ், இரண்டு கேள்வி கேட்டால் பிடித்துவிடுவாய், அதனால் நீ அந்தப் பேச்சை எடுத்தாலே மழை, கரண்ட் என்று எதையாவது சொல்லி மாற்றிவிடுவேன். புரட்டாசியில் நடந்ததைப் பாதிதான் சொன்னேன். அம்மா வாசல் தாண்டிப் போய்விட்டாள், கூப்பிட்டு வந்துவிட்டேன் என்றேன் அல்லவா. அவள் வாசலோடு நிற்கவில்லை. அன்று காலை பத்து மணிக்கு நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன், கூட்டம் அதிகம். திரும்பி வந்தால் கேட் திறந்து கிடக்கிறது, டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் செருப்பு இரண்டும் வாசற்படியிலேயே இருக்கிறது. நம் மனைப்பிரிவு உனக்குத் தெரியும், நம் வீட்டைத் தாண்டினால் ஒரு பக்கம் முள் காடு, ஒரு பக்கம் ஏரிக்கரை. நான் ஏரிப் பக்கம்தான் முதலில் ஓடினேன். ஏன் அந்தப் பக்கம் ஓடினேன் என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அவள் அங்கே இல்லை. லாரிகள் போகிற பெரிய ரோட்டின் நடுத்திட்டில், வெறுங்காலோடு நின்றிருக்கிறாள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற சிட்டிபாபு பார்த்துவிட்டு, "நம்ம லைன்மேன் வூட்டம்மாவாச்சே" என்று வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு வந்தான். உன்னை ஸ்கூலில் இருந்து கூட்டி வரப் போவதாக அவனிடம் சொல்லியிருக்கிறாள். இறக்கிவிட்டுப் போகும்போது சிட்டிபாபு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு லாரிக்காரன் பிரேக்கு போட்டதால தப்பிச்சாங்கண்ணா" என்றான். முப்பத்தொரு வருஷம் கம்பத்தின் மேல் நின்று வேலை பார்த்தவன் நான், அன்றைக்கு வாசற்படியில் உட்கார்ந்தவன் சாயந்தரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

கேட்டைப் பூட்டி வைக்கலாமே என்று நீ கேட்பாய். பூட்டினேன். ஒரே ஒரு நாள் பூட்டினேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா நிக்கும், தொறந்து வுடுங்க, பாப்பா தனியா நிக்கும்" என்று ஒரு மணி நேரம் அழுதாள். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். என்னை யாரோ அந்நியன் என்பதுபோல், "ஐயா, ஐயா" என்று கெஞ்சினாள். அதற்குப் பிறகு என்னால் அந்தப் பூட்டைத் தொட முடியவில்லை.

அப்போதுதான் நாய் வளர்க்கலாம் என்ற பேச்சு வந்தது. நீ சின்ன நாய்தான் என்றாய். "மடியில வெச்சிக்கினு இருந்தா அம்மா வெளிய போகணும்னு நெனைக்க மாட்டாங்கப்பா, இங்க எங்க ஆஸ்பத்திரிலகூட வயசானவங்களுக்கு அப்படித்தான் செய்யறாங்க" என்று சொன்னாய். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. என்னோடு வேலை பார்த்த போர்மேன் வேணுகோபால் மட்டும் அப்போதே தலையை ஆட்டினான், "ஒனக்கு கொஞ்சற நாயி வேணாம்பா, மறிக்கிற நாயி வேணும்" என்றான். நான் கேட்கவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் தறி போட்டிருக்கிற குப்புசாமி வீட்டில் பொமரேனியன் குட்டி போட்டிருந்தது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் அறுந்த பட்டு இழைகளில் காலைச் சிக்கவைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் குட்டி உருண்டுகொண்டிருந்தது, உள்ளங்கை அளவுதான் இருக்கும். அம்மா அதைத் தூக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டதும் அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்து இரண்டு வருஷம் இருக்கும். அந்தப் போட்டோவைத்தான் உனக்கு அனுப்பினேன், நீயும் பார்த்து அழுதேன் என்று எழுதினாய். நான்காம் நாள், குட்டிக்கு உடம்பு சரியில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேனே சுகா, அது பொய். குட்டி நன்றாகத்தான் இருந்தது.

அன்று காலை நான் பின்பக்கம் மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டி நிறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா தாலாட்டு மாதிரி ஏதோ முனகுவது கேட்டது, அது ஓய்ந்ததும் குட்டி கத்துகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், பாத்ரூமில் மணை போட்டு உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் இரண்டு காலையும் நீட்டி அந்தக் குட்டியைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறாள். ஒரு கை அதன் கழுத்தை அழுத்திப் பிடித்திருக்கிறது. பக்கத்து வாளியில் கீசர் தண்ணீர், ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர்கூட விளாவவில்லை, ஆவி பறக்கிறது. "கண்ண மூடிக்கோ சுகா, அம்மா ஊத்தறேன்" என்று சொல்லிக்கொண்டே சொம்பை ஓங்கிவிட்டாள். நான் குறுக்கே கையை நீட்டினேன். என் இடது கை மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை கொப்பளித்துவிட்டது. போனில் நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பேசியதற்குக் காரணம் குளிர் இல்லை. "கொழந்தைக்குத் தலைக்கு ஊத்தறப்ப இப்படியா குறுக்க வருவாங்க" என்று என்னைத் திட்டினாள். ஐந்து நிமிஷம் கழித்து என் கையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, எங்க சுட்டுக்கினீங்க" என்று கேட்டு வாயால் ஊதிவிட்டாள். அவளுக்குக் காவலாக எதையோ கொண்டுவர நினைத்தேன், அவளிடம் இருந்து அந்தக் குட்டியைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. மதியமே ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் குப்புசாமியிடம் கொடுத்துவிட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன், இது உன்னைப் பயமுறுத்த இல்லை. நீங்கள் போன வருஷம் வந்திருந்தபோது அபியை அம்மாதான் இரண்டு நாள் குளிப்பாட்டினாள். அது என் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

அதற்குப் பிறகு வேணுகோபால் சொன்ன நாயைப் பார்க்கப் போனேன். அது அம்மா பிறந்த கூரத்தில் இருக்கிறது என்று அவன் சொன்னான். கூரத்தில் யாருடையது என்றேன், மாந்தோப்புக் கலியாணசுந்தரம் வீட்டு நாய் என்றான். அம்மா கெண்டைக்காலில் நாலு விரல் நீளத்துக்கு இருக்கிற தழும்பு உனக்குத் தெரியும், சின்ன வயதில் தடவித் தடவி அந்தக் கதையைக் கேட்பாய். ஒன்பது வயதில், அறுவடை முடிந்த கொல்லையில் சிந்திய மல்லாட்டைக் கடலை பொறுக்கப் போனவள்மேல் நாயை அவிழ்த்துவிட்டார்கள், தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டார்கள். யார் வீட்டுக் கொல்லை என்று உனக்கு அவள் சொன்னதில்லை, கல்யாணம் ஆன புதிதில் எனக்குச் சொன்னாள். இந்தக் கலியாணசுந்தரத்தின் அப்பா கொல்லைதான். அதற்குப் பிறகு அம்மா நாய் இருக்கிற தெருவில் கால் வைத்ததில்லை. ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் நாய் ஒன்று படுத்திருந்தது என்று அவசரத்தில் தப்பாக வந்தவாசி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள், நீ கைக்குழந்தையாக அவள் இடுப்பில் இருந்தாய். அந்த வெள்ளைக் குட்டியை அவள் குழந்தையாகத்தான் பார்த்தாள், நாயாகப் பார்க்கவில்லை. அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்கு அந்த வாசலில் இருந்தே ஒரு நாயைக் கொண்டுவருவதா என்று ஒரு வாரம் யோசித்தேன். பெரிய ரோட்டின் நடுத்திட்டு கண்ணுக்குள் வந்து வந்து நின்றது. கடைசியில் போனேன். அவளைத் தனியாக விட முடியாது, சிட்டிபாபு ஆட்டோவில் கூட்டிக்கொண்டுதான் போனேன், நீ வண்டியிலேயே உட்கார்ந்திரு, இறங்காதே என்று சொல்லிவிட்டு நானும் வேணுகோபாலும் தோப்புக்குள் போனோம்.

கலியாணசுந்தரம் எழுந்து வந்து, "வாங்க லைன்மேன்" என்று நாற்காலி போட்டார். சென்னைக்கு மகன் வீட்டோடு போகப் போகிறாராம், நாற்பது ஆட்டையும் கொடுத்துவிட்டாராம். "ஆடு போன பட்டியவே சுத்திச் சுத்தி வருது, சோறு எறங்கல அதுக்கு" என்று நாயைப் பற்றிச் சொன்னார். பெயர் துரை. ராஜபாளையம் கலப்பு, நின்றால் என் இடுப்புக்கு வரும், முகம் மட்டுமே ஒரு முறம் அகலம். ஆடு ஒன்று தப்பி வெளியே போனால் குரைக்காதாம், கடிக்காதாம், முன்னால் போய்க் குறுக்கே நிற்குமாம், எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் போய் நின்று கடைசியில் பட்டிக்கே திருப்பிவிடுமாம். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன நினைத்தாரோ, "எங்கப்பா காலத்து நாயிங்கள நாங்கதான் அப்படிப் பழக்கி வெச்சிருந்தோம். இத அப்படி வளக்கல" என்றார். அவருக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பதில் சொல்லலாம் என்று திரும்பினால் வேணுகோபால் என் தோளைப் பிடித்து அழுத்துகிறான். பட்டி ஓரத்தில் அம்மா. ஆட்டோவில் இருந்து எப்போது இறங்கினாளோ தெரியாது. குந்தி உட்கார்ந்துகொண்டு, அந்த நாயின் வாய்க்குள் விரலை விட்டு எதையோ எடுத்துக்கொண்டிருக்கிறாள். அதன் வாயில் அவள் கை மணிக்கட்டு வரை இருக்கிறது. பதினோராயிரம் வோல்ட் லைனுக்குப் பக்கத்தில் நின்றபோதுகூட எனக்கு அப்படி மூச்சு நின்றதில்லை. கூப்பிடவும் பயம், ஓடவும் பயம். அவள் ஒரு முள்ளைப் பிடுங்கி எடுத்துக் காட்டி, "வாயில குத்திக்கினு இருந்துச்சிபா, சாதுவான நாயி, யாரு வூட்டுது" என்று கலியாணசுந்தரத்தைப் பார்த்துக் கேட்டாள். அவர் எங்க வூட்டுதுதாம்மா என்றார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் காலைத் தொட்டுக் காட்டி, இது என்ன தழும்பு அன்னம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் குனிந்து பார்த்துவிட்டு, "தெரியலியே, எங்கனா முள்ளு கீறி இருக்கும்" என்றாள். நான் அப்படியே விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை, என்னை யாரென்று தெரிகிறதா என்றும் கேட்டுவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னா கேள்வி இது, லைன்மேன் தானே நீங்க" என்றாள். கல்யாணம் ஆன நாளில் இருந்து கேலியாக அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள், நீயும் கேட்டிருக்கிறாய். கேலியாகச் சொன்னாளா, தெருவில் எல்லோரும் சொல்வதுபோல் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. திரும்ப ஒரு தடவை கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஐம்பது வருஷமாக அவளோடு இருந்த பயம் அது சுகா. நான் வருவதற்கு முன்னாலேயே அவளோடு இருந்தது. அதுவே போய்விட்டது என்றால் அதற்குப் பிறகு வந்த நானும் நீயும் எத்தனை நாள் இருப்போம் என்று நினைத்தேன். பயப்பட வேண்டியதைப் பார்த்து அவள் பயப்படாமல் இருப்பதைப்போல எனக்குப் பயம் தருவது வேறு ஒன்றும் இல்லை.

போன வியாழக்கிழமை துரையை ஒரு வாரம் பார்ப்போம் என்று கொண்டுவந்தேன். நீ பெரிய நாய் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் உன்னிடம் சொல்லவில்லை, நீ வீடியோவில் வரும்போது பின்பக்கம் கட்டிவைத்தேன். தினமும் காலையில் கலியாணசுந்தரமே கூரத்தில் இருந்து வந்து என் கையால் அதற்குச் சோறு போடவைத்துப் பழக்கினார். அது இரண்டு நாள் வீட்டைச் சுற்றிப் பார்த்தது, மூன்றாம் நாள் அம்மா எழுந்தால் எழுந்தது, உட்கார்ந்தால் உட்கார்ந்தது. எனக்கு ஒரு கண் அவள்மேலும் ஒரு கண் அதன்மேலும். அவள் தெரியாமல் அதன் வாலை மிதித்தால் என்ன ஆகும், சோறு தின்னும்போது தட்டை இழுத்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. திங்கட்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டேன். துரையின் உறுமல்தான் என்னை எழுப்பியது. வெளியே ஓடினால் கேட் திறந்திருக்கிறது, நம் வீட்டில் இருந்து முப்பது அடியில், ரோட்டில், அம்மா நிற்கிறாள், அவளுக்குக் குறுக்கே துரை நிற்கிறது. அவள் வலது பக்கம் போனால் அது வலது பக்கம், இடது பக்கம் போனால் அது இடது பக்கம். "வழி வுடு, பாப்பாவுக்கு ஸ்கூல் வுட்டுடும்" என்று அதட்டிக்கொண்டே கையில் இருந்த குடையால் அதன் முதுகில் அடிக்கிறாள். அது அசையவில்லை. நாலு அடி, ஐந்து அடி. ஆறாவது அடி மூக்கில் விழுந்தது. அப்போது அது உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. அவள் அதைப் பார்த்துப் பின்வாங்கவே இல்லை, மறுபடியும் குடையை ஓங்கினாள். நான் எப்படிப் போனேன் என்று தெரியாது, இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். என் முதுகுப் பக்கம் அதன் மூச்சு சுட்டது. பாப்பாவை நான் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன், நீ போய்ச் சோறு எடுத்து வை என்று சொன்னேன். அவள் உடனே குடையை மடக்கி, "சீக்கிரம் வாங்க, பசியோட வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். துரை அவள் பின்னாலேயே போய் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டது. மூக்கில் ரத்தம் கட்டியிருந்தது, நான்தான் மஞ்சள் வைத்துவிட்டேன்.

சாயந்தரம் கலியாணசுந்தரத்திடம் போனில் நடந்ததைச் சொன்னேன், ஒளிக்கவில்லை. "பல்லக் காட்டறது கடிக்க இல்ல, போதும்னு சொல்றது. ஆனா நானு ஒன்னும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது லைன்மேன், நாயி நாயிதான்" என்றார். அவர் அப்படிச் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. யோசித்துப் பார்த்தேன். சின்னது இருந்தால் அவள் அதைக் கொன்றுவிடுவாள், கொன்றதும் அவளுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். பெரியது இருந்தால் ஒரு நாள் அது அவளைக் கடித்துவிடலாம். எதுவுமே இல்லாவிட்டால் ஏரி இருக்கிறது, ரோடு இருக்கிறது. நடுவில் போய் நிற்க முடிகிறவரை நான் நிற்கிறேன் என்று சொல்லி துரையை வைத்துக்கொண்டேன். குடையை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன், கேட்டுக்கு ஒரு மணி வாங்கிக் கட்டியிருக்கிறேன். நீ கோபப்பட்டாலும் சரி. எனக்கு அறுபத்தாறு வயதாகிறது, நான் விழுந்துவிட்டால் யார் நடுவில் நிற்பது?

இவ்வளவு எழுதியும் எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீயும் அபியும் அம்மாவோடு இருபது நிமிஷம் பேசினீர்கள். அம்மா சிரித்துச் சிரித்துப் பேசினாள், அபி பாடிய பாட்டுக்குக் கை தட்டினாள், இன்னைக்கு அம்மா ரொம்ப நல்லா இருக்காங்கப்பா என்று நீகூடச் சொன்னாய். போனை வைத்த பிறகு அவள் என்னிடம், "அந்தப் பொண்ணு யாருங்க, நம்ம பாப்பா ஜாடை இருக்குது, மரியாதையா பேசுது" என்றாள். தெரிந்த பெண்தான் என்று சொன்னேன். அவள் மனதில் நீ தொலைந்துபோகவில்லை சுகா, அங்கே இரண்டு ஜடை போட்டுக்கொண்டு ஸ்கூலில் இருக்கிறாய், அந்தக் குழந்தையைத் தேடித்தான் ரோட்டுக்கு ஓடுகிறாள். நீ வளர்ந்ததுதான் அவளுக்கு மறந்துவிட்டது. ஜூலை மாதம் அபிக்கு லீவு விட்டதும் வருவதாகச் சொன்னாய். ஜூலை மாதம் வரை தள்ளிப்போடாதே. உன்னை வா என்று இதுவரைக்கும் நான் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை, உன் வேலை, உன் குடும்பம் என்று இருந்துவிட்டேன். இப்போது கூப்பிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, தனியாகப் பயந்துகொண்டிருக்க என்னால் முடியவில்லை.

மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல், பதறி அடித்துக்கொண்டு அழுது வேலையில் தவறு செய்துவிடாதே, உன்னை நம்பியும் அங்கே நோயாளிகள் இருக்கிறார்கள். வீடியோவில் வரும்போது என்னைத் தெரிகிறதா அம்மா என்று மட்டும் கேட்காதே, தெரியாது என்று சொல்ல வேண்டி வந்தால் அவளுக்கு வெட்கமாகிவிடுகிறது, அன்றைக்கெல்லாம் பேசமாட்டாள். அபியைக் கூட்டி வா, ஆனால் துரை பக்கத்தில் நான் இல்லாமல் விடக்கூடாது, அம்மாவோடும் தனியாக விடக்கூடாது, ஒரு பாட்டியைப் பற்றி இப்படி எழுத வேண்டி வந்துவிட்டது. நம் மாரியம்மன் உங்கள் மூன்று பேருக்கும் நோய் நொடி அண்டாமல் பார்த்துக்கொள்வாள், நீண்ட ஆயுசோடும் நிறைந்த மனதோடும் இருங்கள், அபிக்கு என் முத்தம். டிக்கெட் போட்டதும் தேதியை எனக்கு மட்டும் சொல். அம்மாவுக்கு நான் தினமும் காலையில் சொல்லிக்கொள்கிறேன், தினமும் அவளுக்கு அது புதுச் செய்தியாக இருக்கும், தினமும் சந்தோஷப்படுவாள்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
கோ. முனுசாமி